நந்தினிக்கு நாம் வழங்கும் தீர்ப்பு

கதையில் வருகின்ற ஒருவரைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ நாம் சொல்லிவிடுவதால் யாருக்கு என்ன தீங்கு? அவர் குருதியும் தசையும் உடையவர் அல்லர். நம் சொல்லால் அவருடைய பிழைப்புக் கெடுவதில்லை. அவர் மகளின் திருமணம் தடைப்படுவதில்லை. அவரைக் கண்டு அண்டை வீட்டார் கதவைச் சாத்துவதும் இல்லை. ஆகவே கதை மாந்தரைக் குறித்து வாசகன் கூறும் கருத்துக்கு அறத்தின் கட்டுப்பாடு எதுவும் வேண்டுவதில்லை. அவன் விரும்பியவரை நேசிக்கலாம், விரும்பாதவரைத் தூக்கிலும் ஏற்றலாம் என்று எண்ணுவோர் பலர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இக்கொள்கையைச் சற்றே நின்று ஆராய்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட நூல் புதியதன்று. இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களுள் பெரும்பாலோர் ஒரு முறைக்கு மேல் படித்த நூல்தான்: கல்கியின் 'பொன்னியின் செல்வன்'.

சரித்திர நாவல் என்றே அதனைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வேலையும் வாளையும், கொடியையும் கோட்டையையும் ஒரு கணம் அப்பால் வைத்துவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது என்ன? காதலும் மர்மமும். வந்தியத்தேவனுக்குக் குந்தவையின்மீது காதல். வானதிக்கு அருள்மொழியின்மீது காதல். மணிமேகலைக்கோ வந்தியத்தேவன்மீது கைகூடாத காதல். இவற்றுக்கெல்லாம் நடுவில், எரிமலையின் வாய் போல, ஆதித்த கரிகாலனுக்கும் நந்தினிக்கும் இடையே மூண்டு வெந்து வெறுப்பாய் மாறிய காதல். அந்த வெறுப்பின் முடிவில் ஒரு கொலை. கொன்றவர் யார் என்பது மர்மம். இத்தகைய கதைகளை மேலைநாட்டார் காதல் மர்மக் கதைகள் என்று தனி இனமாகவே வகுத்துவிட்டனர். கல்கியின் நூல் அவ்வினத்துக்குள் அடங்கிவிடாத பேராறு. எனினும் அவ்வாற்றில் அந்த நீரும் ஓடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

1950 அக்டோபர் 29இல் 'கல்கி' வார இதழில் தொடங்கிய இத்தொடர் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வெளிவந்து ஐந்து பாகங்களாக நிறைவுற்றது. மூன்றாம் பாகத்துக்குக் 'கொலை வாள்' என்றே பெயர். தொடராகப் படித்தவர்களின் நிலையை இன்று ஐந்து பாகங்களையும் ஒன்றாக வாங்கி அடுக்கிக்கொள்ளும் நாம் முழுமையாக உணர இயலாது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையில் ஏழு நாட்கள் இருந்தன. அந்த ஏழு நாட்களிலும் ஐயம் வளர்ந்தது. திண்ணையில், கிணற்றடியில், புகைவண்டிப் பெட்டியில் யார் யார்மீதோ பழி விழுந்தது. அடுத்த இதழ் வந்ததும் வேறொருவர்மீது மாறி விழுந்தது. இரேணிகுண்டாவிலும் காட்பாடியிலும் புகைவண்டி நிலையக் கடைகளில் தமிழ் இதழ்களை வாங்கிச் சென்று, ஓவியர் மணியத்தின் படங்களோடு பக்கங்களைப் பிரித்துத் தைத்துக் கட்டடம் செய்து வைத்த குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. அத்தகைய கட்டுகளின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய பாட்டனார்களும் உண்டு.

கொலை நிகழும் இடத்தை நினைவூட்டிக்கொள்வோம். கடம்பூரில் சம்புவரையர் மாளிகை. அதில் நந்தினி தங்கியிருக்கும் அறை. வீரபாண்டியனைக் காப்பாற்றும்படி தான் காலில் விழாக் குறையாக மன்றாடியும் கேளாமல், தன் கண்ணெதிரிலேயே அவன் தலையைக் கொய்தவன் கரிகாலன் என்பதால் பழிதீர்க்கச் சபதம் ஏற்றவள் அவள். அந்த அறைக்குத் தன் முடிவைத் தானே தேடி வருபவன் போல வருகிறான் கரிகாலன். வந்தியத்தேவன் ஒளிந்திருக்கிறான். மணிமேகலையும் மறைந்திருக்கிறாள். மாறுவேடத்தில் பெரிய பழுவேட்டரையர் வந்து சேருகிறார். இரவிதாசனின் கூட்டமோ தொலைவில் இல்லை. விளக்கு அணைகிறது, அறையை இருள் கவ்வுகிறது, கரிகாலன் பிணமாகிறான். பின்னர் நடப்பது இன்னும் விந்தை. வந்தியத்தேவன்மீது கொலைப்பழி சுமத்தப்படுகிறது. அவனைக் காப்பதற்காக மணிமேகலை, தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரோ பழியைத் தம் தலைமேல் ஏற்றுக்கொள்கிறார். பழியை ஏற்க முன்வருவோர் இத்தனை பேர். ஆனால் குத்திய கையை மட்டும் ஆசிரியர் நமக்குக் காட்டவில்லை.

தொடர் முடிந்ததும் முடிவு திடீரென்று வந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். கல்கி அதற்கு விடையாக ஒரு முடிவுரை எழுதினார். முழுதும் கற்பனையான கதையில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிடலாம், சரித்திரத்தைத் தழுவிய கதையில் அவ்வாறு இயலாது என்பது அவர் கூறிய விளக்கத்தின் சாரம். வாசகரின் கருத்துக்கு இத்துணை மதிப்பளித்த ஆசிரியர்கள் அரியர். ஆயினும் இருளில் நடந்ததை இருளிலேயே விட்டுவிட்டார். 2022இலும் 2023இலும் மணிரத்னம் இக்கதையை இரு பாகங்களாகத் திரையில் எடுத்தபோது, திரைக்கு இருள் மட்டும் போதாதல்லவா, ஏதேனும் ஒன்றைக் காட்டியாக வேண்டியிருந்தது, காட்டினார்கள். படத்தை மட்டும் பார்த்த இளைஞர் சிலர், இதில் மர்மம் எங்கே இருக்கிறது என்று நம்மைக் கேட்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அவர்கள் ஒரு நல்ல தொல்லையை இழந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழருக்கு இக்கதை தஞ்சைக்காரர் கதை மட்டுமன்று. வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். அவன் ஊராகிய வல்லம், இன்றைய திருவல்லம், நமக்குப் பக்கத்து ஊர். சித்தூரைத் தொட்டுச் செல்லும் நீவா நதிதான் பொன்னையாறு என்ற பெயரோடு திருவல்லத்துக் கோயிலை அடுத்து ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. ஆழ்வார்க்கடியானின் இயற்பெயர் திருமலை. அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம் நம் ஊரார் சிலர் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றுவதைக் கண்டிருக்கிறேன். கரிகாலன் வரலாற்றைச் சொல்லும் முதன்மையான சான்றுகளுள் ஒன்று திருவாலங்காட்டுச் செப்பேடு. அத்திருவாலங்காடு 1960இல் எல்லை மாற்றப்படும் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. திருமலையிலேயே, சுந்தர சோழனின் தேவியும் சேரர் மகளுமான பராந்தகன் தேவி அம்மன், முதலாம் இராசராசன் காலத்தில் திருவேங்கடமுடையானுக்குப் பொன்னாற் செய்த பட்டம் வழங்கியதைக் கல்வெட்டுச் சொல்கிறது. கரிகாலனைப் பெற்ற வானவன்மாதேவி கணவனோடு உயிர்நீத்தாள். மற்றொரு தேவி உயிர்வாழ்ந்து, இம்மலைக்குப் பொன் கொடுத்தாள். கதையில் இடம் பெறாத இத்தகையோரும் அக்கொலையின் நிழலில் வாழ்ந்தவர்களே.

சில திங்களுக்கு முன்னர் இலக்கிய அன்பர்கள் பதினைந்து இருபது பேர் கூடியிருந்த ஓர் அவையில் இக்கேள்வியை எழுப்பினார்கள்: கரிகாலனைக் கொன்றவர் யார்? நேரம் போனதே தெரியவில்லை. புகைவண்டித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முதலில் எழுந்தார். நந்தினி கொன்றிருக்கவே முடியாது. அந்த நெஞ்சில் கொலை செய்யும் துணிவு கடைசி நேரத்தில் கரைந்துவிட்டது. இரவிதாசன்தான் குத்தியிருப்பான் என்றார். சான்று என்ன என்று கேட்டதற்கு, "அவள் அழுதாளே, ஐயா!" என்றார். அடுத்துப் பேசிய அம்மையார் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். மாமியார் வைத்திருந்த பொன்னியின் செல்வன் கட்டுகளைப் படிப்பதற்காகவே திருமணத்துக்குப் பின் தமிழ் எழுத்தைக் கற்றவர். அவர் நந்தினி கொல்லவில்லை என்று சொல்லவில்லை. "கொன்றிருந்தால்தான் என்ன? கெஞ்சின பெண் முன்னால் தலையை வெட்டினவன் அவன். அவனுக்கு வந்தது அவன் விதைத்தது" என்றார். கடைத்தெருவில் பாத்திர வணிகம் செய்யும் அன்பர் ஒருவர், பெரிய பழுவேட்டரையர்தான் கொலையாளி என்று உறுதியாக நின்றார். உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் சுமந்த வீரருக்கு முதுமையில் இளம் மனைவி எதற்கு, பொறாமை எதைத்தான் செய்யாது என்பது அவர் வாதம். அவையில் நல்ல சிரிப்பு எழுந்தது. கரிகாலனே தன்னைக் குத்திக்கொண்டான் என்றவர்களும் இருவர் இருந்தனர்.

எல்லாரும் பேசி ஓய்ந்த பின், திருப்பதியில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, பின்வரிசையில் இருந்தவள், எழுந்து, "நந்தினி இவ்வளவு அழகாக இல்லாமல் இருந்திருந்தால், அவளுக்காக நீங்கள் எல்லாரும் இவ்வளவு நேரம் வாதாடியிருப்பீர்களா, ஐயா?" என்று கேட்டாள். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் தலைவர் நன்றியுரைக்கு அழைத்துவிட்டார்.

அப்பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. அன்று பேசியவர்கள் எவரும் 'கொன்றவர் யார்' என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. 'உனக்குப் பிடித்தவர் யார், பிடிக்காதவர் யார்' என்ற கேள்விக்கே விடை சொன்னார்கள். கேள்வி ஒன்று, விடை வேறு. இது மனித இயல்பு, இதிலென்ன தவறு என்று கேட்கலாம். தவறு நேசிப்பதில் இல்லை. நந்தினியை நேசிக்கும்படிதான் கல்கி எழுதியிருக்கிறார். அவளுக்காக நெஞ்சு நெகிழாத வாசகன் அந்த நூலைப் படித்தவனே அல்லன். ஆனால் ஒன்றைக் கருதுங்கள். பிணம் ஒன்று கிடக்கிறது. யாரோ ஒருவர் கொன்றிருக்கத்தான் வேண்டும். அன்பின் மிகுதியால் நந்தினியை நாம் விடுவிக்கும் அந்தக் கணத்தில் பழி காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது வேறொருவர்மீது போய் உட்காருகிறது. யார்மீது? நம் நேசத்துக்கு உரியவர் அல்லாத ஒருவர்மீது. இரவிதாசன்மீது, ஏனெனில் அவன் ஆந்தை போலக் கூவுகிறான், அவன் சிரிப்பு நமக்குப் பிடிக்கவில்லை. கிழவர்மீது, ஏனெனில் அவர் கிழவர். சான்றின்றி ஒருவரை விடுவிப்பது கருணை என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கையில், சான்றின்றி மற்றொருவரைத் தண்டித்துவிடுகிறோம். இவ்விரண்டும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எறிந்துவிட முடியாது.

ஆங்கிலத்தில் இதற்கு நேரான ஒரு நூல் உண்டு. டாப்னி டூ மாரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா'. பெரிய மாளிகை; செல்வனாகிய கணவன்; அவனுடைய இரண்டாம் மனைவியாக வந்து சேரும் பேதைப் பெண்; இறந்தும் வீட்டை ஆளும் முதல் மனைவி ரெபெக்கா. கதையை நமக்குச் சொல்பவள் அந்தப் பேதைப் பெண். கடைசியில் கணவன் அவளிடம், ரெபெக்காவைத் தான்தான் சுட்டுக் கொன்றதாக ஒப்புக்கொள்கிறான். அதைக் கேட்டு அவள் நடுங்கினாளா? இல்லை. அவன் ரெபெக்காவை ஒருபோதும் நேசிக்கவில்லை என்பதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தாள்! அவளோடு சேர்ந்து இலட்சக்கணக்கான வாசகர்களும் மகிழ்ந்தார்கள். கொலைகாரன் தப்ப வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மரண விசாரணைப் பகுதியைப் படித்தார்கள். செத்தவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவளைக் கொன்றவன் சொன்னதும், அவனை நேசிப்பவள் எழுதியதுமே என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? 1940இல் ஹிட்ச்காக் இக்கதையைப் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதாகக் காட்ட அந்நாளைய அமெரிக்கத் திரைப்பட ஒழுக்க விதிகள் இடம் தரவில்லை. ஆகவே அவள் தடுமாறி விழுந்து இறந்ததாக மாற்றினார்கள். விதி காப்பாற்றப்பட்டது, ஆனால் நாவல் வாசகனின் நெஞ்சில் எழுப்பிய சங்கடம் மறைந்துபோயிற்று. நாவலைப் படித்தவர்கள் உண்மையான கொலைகாரன் ஒருவனை மன்னித்துத் தங்களைத் தாங்களே அறிந்துகொள்ள வாய்ப்புப் பெற்றவர்கள். படம் பார்த்தவர்களுக்கு மன்னிக்க எதுவுமே இல்லை.

இதெல்லாம் கதை என்பீர்கள். கதைக்கு ஒரு மனமும் வாழ்க்கைக்கு ஒரு மனமும் நமக்கு இருந்தால் நானும் வாளாவிருந்துவிடுவேன். நான் பணியாற்றிய அலுவலகங்களுள் ஒன்றில், ஆண்டுகள் பல ஆயிற்று, பணப்பெட்டியில் இருந்த தொகைக்கும் பேரேட்டில் இருந்த தொகைக்கும் பதினோராயிரம் ரூபாய் வேறுபாடு வந்தது. பெட்டியின் சாவி இருவரிடம் இருந்தது. ஒருவர் எல்லாருக்கும் இனியவர். மார்கழியில் அனைவருக்கும் பொங்கல் கொண்டுவந்து கொடுப்பவர். மற்றவர் கடுகடுத்த முகத்தினர். நம்மோடு தேநீர் அருந்த வரமாட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியிருந்தார் என்றும் பேச்சு. நண்பகல் உணவு வேளைக்குள் தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. ஒருவர்கூட இனியவரின் பெயரைச் சொல்லவில்லை. விசாரணை எட்டு மாதம் நடந்தது. வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு என்னுடையது. ஆகவே ஒவ்வொரு சொல்லும் என் விரல்களின் வழியே சென்றது. "அவர் முகமே சரியில்லை" என்பது ஒரு வாக்குமூலத்தில் சான்றாகவே இடம் பெற்றிருந்தது. முடிவில் தெரிந்தது யாதெனின், எவரும் எதையும் எடுக்கவில்லை. கொடுத்த தொகைக்கான பற்றுச்சீட்டு ஒன்று வேறொரு கோப்போடு சேர்ந்து போய்ப் பதிவேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. கடுகடுத்தவர் அதற்குள் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார். விசாரணை முடிவு அவருக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டது.

மைய அரசுப் பணியாளர்க்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளில் பதினான்காவது விதி, பெருந்தண்டனை விதிப்பதற்கு முன்னர் விசாரணை எவ்வாறு நடக்க வேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். ஆவணங்களைப் பார்வையிட இடமளிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தம் சார்பில் வாதாட உடன் பணியாளர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். இவ்விதிகளைப் படிக்கும் புதிய எழுத்தர்கள் கொட்டாவி விடுவார்கள். நானும் அவர்களைக் குறைகூறமாட்டேன். ஆனால் அவை ஏன் அத்துணை நீளமாக இருக்கின்றன என்பது அந்த எட்டு மாதங்களில் எனக்கு விளங்கிற்று. குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். துறை விசாரணைக்கு அவ்வளவு வேண்டியதில்லை, எது நடந்திருக்கக்கூடும் என்று நிறுத்துப் பார்த்தால் போதும். அங்கும்கூட ஐயம் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1963இல் எச். சி. கோயல் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவ்விதிகள் வெறுப்பை மட்டும் தடுக்க வந்தவை அல்ல. அன்பையும் தடுக்க வந்தவை. பொங்கல் கொடுத்தவர்மீது நமக்குள்ள அன்பு, பொங்கல் கொடுக்காதவர்மீது குற்றமாக மாறாமல் இருக்கவே அத்தனை பக்கங்கள்.

வள்ளுவர் செங்கோன்மையை 55ஆம் அதிகாரத்திலும் கண்ணோட்டத்தை 58ஆம் அதிகாரத்திலும் வைத்தார். நடுவில் கொடுங்கோன்மையும் வெருவந்த செய்யாமையும் நிற்கின்றன. இந்த வரிசைக்குப் பல காரணம் சொல்லலாம். எனக்குத் தோன்றுவது ஒன்று. ஆராய்ந்து முறைசெய்தல் முதலில், இரங்குதல் பிறகு. கண்ணோட்டம் முறைசெய்தலைத் தொலைவில் இருந்து நோக்குகிறது. அதன் இருக்கையில் அமர்வதில்லை. நந்தினி கொன்றாள் என்று கண்ட பின்னும் அவளுக்காக ஒருவர் கண்ணீர் விடலாம், அவளை மன்னிக்கலாம், அவள் நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று சொல்லலாம். அது இரக்கம். அவள் கொல்லவே இல்லை என்று சொல்வது இரக்கமன்று. அது நடந்ததைப் பற்றிய கூற்று. கூற்றுக்குச் சான்று வேண்டும். இந்த முறையில் பார்த்தால், அன்று அவையில் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டு படித்த அம்மையார்தாம் மற்ற எல்லாரையும்விட நேர்மையாகப் பேசினார். அவர் நடந்ததை மாற்றவில்லை. நடந்ததாக வைத்துக்கொண்டு தம் இரக்கத்தைச் சொன்னார். அவருடைய இரக்கத்தை ஏற்காதவர்கூட அவரோடு வாதிட முடியும். "அவள் அழுதாளே" என்றவரோடு வாதிட முடியாது. கண்ணகியின் முன் பாண்டியன் உயிர்விட்டது, தீயவன் என்பதால் அன்றே! ஆராயாமல் உரைத்தவன் என்பதால்தானே.

மறுப்பொன்று வரும் என்று அறிவேன். இவ்வாறு நீதிமன்றம் போலக் கதை படித்தால் கதையின் சுவை என்னாவது? மர்மக் கதையின் இன்பமே தவறாக ஐயுறுவதில் அல்லவா இருக்கிறது? மெய்தான். யாரும் துலாக்கோலைக் கையில் ஏந்திக்கொண்டு நாவல் படிக்க வேண்டியதில்லை. படிக்கும்போது காதல் கொள்ளலாம், ஏமாறலாம், இரவெல்லாம் விழித்திருக்கலாம். நான் சொல்வது படித்து முடித்த பின் நாலுபேர் நடுவில் எழுந்து நின்று 'இதுவே என் கருத்து' என்று சொல்கின்ற நேரத்தைப் பற்றி. அது சுவைக்கும் நேரமன்று, சொல்லும் நேரம். அங்கே நம்முள் ஒரு நீதிபதி எழுந்திருக்கிறார். அவர் அலுவலகத்துக்கும் வருவார், சம்பந்தம் பேசும் வீட்டுக்கும் வருவார், தேர்தல் நாளில் சாவடிக்கும் வருவார். அவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கேட்டால், பெரும்பாலும் கதைகளில்தான்.

மேலும், இக்கதையில் எல்லாரும் கற்பனை மாந்தர் அல்லர். நந்தினி கற்பனை, ஆனால் இரவிதாசன் கற்பனையல்லன். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரின் பெயரைச் சொல்கிறது. யார் தூண்டுதலால் என்று சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் வரலாற்றாசிரியர்களும் வாசகர்களைப் போலவே நடந்துகொண்டனர். 1935இல் வெளிவந்த சோழர் வரலாற்று நூலில் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார்; கரிகாலன் மறைவால் பயன் அடைந்தவன் அவன்தானே என்பது ஐயத்துக்கு வேர். சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். செம்பியன் மாதேவியாரின் மகன் அத்தகையவனாக இருத்தல் கூடுமோ என்ற எண்ணமும் மறுப்பவர்களின் மனத்தில் உண்டு. பயன் பெற்றவன் செய்திருப்பான் என்பதும், நல்ல தாய் பெற்றவன் செய்திரான் என்பதும் இரண்டுமே சான்றல்ல. கல்கியோ நாவலாசிரியர்க்கு மட்டும் வாய்த்த ஒரு வழியைக் கண்டார். பூப்பறித்து மாலை தொடுக்கும் சேந்தன் அமுதனையே உத்தம சோழனாக்கி முடிசூட்டிவிட்டார். ஆயிரம் ஆண்டுகளாகப் பேச வாயில்லாதிருந்த ஒரு மன்னனைக் கதையின் வழியே பழியிலிருந்து எடுத்து அப்பால் வைத்தார். சான்றில்லாத இடத்தில் கதை சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், பழி சுமத்தும் கதையைவிட இது எவ்வளவோ மேல் என்பேன்.

இரவிதாசனுக்கு அத்தகைய வழி கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. அவன் பெயர் கல்லில் இருக்கிறது. ஆனால் அதே கல் அவனோடு நிற்கவில்லை. அவன் உடன்பிறந்தார், அவர்களின் மக்கள், மனைவியர், பெண் கொடுத்த மாமன்மார், அந்த வீட்டுப் பெண்களை மணந்துகொண்டவர் என்று நீண்டு செல்கிறது. இவர்கள் எல்லாருடைய உடைமையும் பறிமுதலாயிற்று. அப்பெண்களுள் ஒருத்தியாவது நந்தினி போல அழகியாக இருந்திருக்கலாம், அழுதும் இருக்கலாம். அவர்கள் கடம்பூர் மாளிகையில் இல்லை. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. உறவுமுறை மட்டும் இருக்கிறது. ஐந்து பாகங்களையும் அடுத்த முறை படிக்கும்போது கொலையிரவின் அத்தியாயங்களை முடித்தவுடன் அந்தக் கல்வெட்டின் வாசகத்தையும் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று, அன்று கேள்வி கேட்ட அம்மாணவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாங்கிப் படித்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்பதை அறியக் காத்திருக்கிறேன்.